தொழில் வரிக்கு மூன்று நாள் குறைவு

1957ஆம் ஆண்டுக் கோடையில் நான் இன்னொரு மனிதருடைய வேலை நாட்களை எண்ணத் தொடங்கினேன். என்னுடைய நாட்களை 1949 முதலே எண்ணி வந்தேன். அந்த ஆண்டுதான் கொடைக்கானலில் குடியேறினேன். வந்த நாளிலிருந்து நாட்குறிப்பில் ஒரு பக்கத்தைக்கூட வெறுமையாக விட்டதில்லை. தேதி, கிழமை, மழை உண்டா இல்லையா, எந்தப் பங்களாவில் எத்தனை மணிக்குப் பாடம், அன்று படித்த புத்தகம் என்ன என்று தினமும் ஐந்து செய்திகள் இருக்கும். அந்தக் கோடையில் ஆறாவதாக ஒன்று சேர்ந்தது: பழனிக்காரர் இன்று பாடம் நடத்தப் போனாரா, எத்தனை மணிக்கு?

நான் முன்ஷியாக இருந்தேன். தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கும் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலை. கீழே வெயில் ஏறும்போது அவர்கள் மலைக்கு வருவார்கள். ஏப்ரல் நடுவில் மொழிப் பள்ளி தொடங்கும், ஜூன் நடுவில் முடியும். காலையில் பொது வகுப்பை அவர்களே நடத்திக்கொள்வார்கள். மற்ற நேரத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு முன்ஷி உண்டு. எங்களுக்குப் பள்ளி சம்பளம் தராது. படிக்கிறவர் மணிக் கணக்குப் பார்த்துத் தருவார். பிடித்திருந்தால் அடுத்த வாரமும் வரச் சொல்வார், பிடிக்காவிட்டால் வேறு முன்ஷியைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு முதலாளி இல்லை, கடை இல்லை, பெயர்ப் பலகை இல்லை. ஒரு குடை, ஒரு துணிப்பை, பையில் இரண்டு புத்தகம். சீசன் முடிந்ததும் மற்ற முன்ஷிகள் வத்தலக்குண்டு பஸ்ஸில் இறங்கிப் போய்விடுவார்கள். நான் ஒருவன்தான் மலையில் தங்கி, தாண்டிக்குடியில் இரண்டு காப்பித் தோட்டங்களுக்குக் கடிதங்களும் அறிவிப்புகளும் மொழிபெயர்த்துக் கொடுத்துக் காலம் தள்ளினேன்.

பழனிக்காரர் 1955 கோடையில் வந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் குடும்பத்துக்குப் பழனி அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையும் யாத்திரிகர் தங்க நாலு அறைகளும் இருந்தன. அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் சிறு வயதிலிருந்தே மலையாளி, தெலுங்கர், கன்னடக்காரர் என்று வருகிறவர்களோடெல்லாம் பேசி வளர்ந்தவர். மொழி தெரியாத ஆளைக் கண்டால் எனக்கு வருகிற தயக்கம் அவருக்கு வருவதே இல்லை. நான் வித்துவான் தேர்வுக்குப் படித்தவன். அவர் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டவர். இந்த வேறுபாட்டை நான் அவருக்கு முதல் வாரமே தெரியப்படுத்தினேன். "அதுக்கென்னங்கண்ணே, நீங்க படிச்சத எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் குறித்தும் வைத்திருக்கிறேன்.

சமவெளியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டரம்மா ஒருவர் 1956 கோடை முழுவதும் என்னிடம் படித்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கடுமையாக உழைப்பவர். இலக்கணம், கடிதம், செய்யுள் எல்லாம் நடத்தினேன். அந்தச் செப்டம்பரில் பேச்சுத் தமிழ்த் தேர்வில் தோற்றுப் போனார். அடுத்த ஏப்ரலில் மலைக்கு வந்ததும் எனக்கு ஒரு சீட்டு அனுப்பினார். என் உழைப்புக்கு நன்றியாம், இந்த ஆண்டு வேறு முன்ஷியிடம் படிக்கப் போகிறாராம். சீட்டு தமிழில் இருந்தது. ஒரு பிழை இல்லை. பிழையில்லாமல் எழுதக் கற்றுக் கொடுத்தவன் நான்.

வேறு முன்ஷி யார் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழே பூம்பாறைப் பூண்டும் வில்பட்டி உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா ஒரு பூண்டுக்காரியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு வெலயா? நேத்து கம்மியாத்தானே குடுத்தீங்க?"

"நேத்துக் குடுத்தது நேத்தோட போச்சு தாயி. இன்னைக்கு மழையில நனஞ்சுக்கிட்டுல வந்திருக்கோம்."

"பூண்டும்தான் நனஞ்சிருக்கு. தண்ணிக்கும் சேத்தா காசு கேக்குறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூண்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பிடி கூடவே அள்ளிப் போட்டாள். பழனிக்காரர் டாக்டரம்மாவின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். அவர் நடத்திய பாடமே அதுதான். போன வருடம் என்னிடம் படித்த ஒரு பாதிரியார் இதே பூண்டுக்காரியிடம் "இதன் விலை யாது?" என்று கேட்டிருக்கிறார். அவர் ஏதோ ஜெபம் செய்கிறார் என்று நினைத்து அவள் எழுந்து நின்று கும்பிட்டாளாம். அந்தக் கதையை ஊரே சொல்லிச் சிரித்தது. முதலில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியாது. பழனிக்காரர்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அன்று மாலை நாட்குறிப்பில் என் பாடத்துக்கு எதிரே நீல மையில் ஒரு புள்ளி வைத்தேன். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் இன்னொரு புள்ளி வைத்தேன். நீலம் என் வேலை நாள், சிவப்பு அவருடையது.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு ஜன்னல் வழியாகப் பங்களாக்களுக்கு ஏறும் பாதை தெரியும். அவருடைய குடையின் ஓரத்தில் பழுப்புத் துணியில் ஓர் ஒட்டு இருந்தது. எந்தப் பனியிலும் அதை அடையாளம் கண்டுகொள்வேன். காலை ஏழரைக்கு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பழனிக்காரரு பொஞ்சாதிகூட அவர இப்பிடி வழி பாத்துக்கிட்டு நிக்க மாட்டா" என்றாள். "ஒங்க சோலியப் பாக்கப் போங்க. காப்பி ஆறிப்போயிக் கெடக்கு."

அவள் பேசும்போதே இருமல் வந்துவிட்டது. அந்த வீட்டின் சுவர்கள் ஈரம். கணப்பு இல்லை. மார்கழி தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

ஜன்னலிலிருந்து பாதை தெரியும், பங்களா வாசல் தெரியாது. டாக்டரம்மா மட்டுமா, வேறு யாராவது அவரிடம் போய்விட்டார்களா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜூன் இரண்டாம் வாரத்தில் என்னிடம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று நாள், டாக்டரம்மா தங்கியிருந்த பங்களாவுக்கு எதிரே இருந்த காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்தேகால் வரை. முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். மூன்று நாளில் பதினோரு பக்கம் படித்திருக்கிறேன். நான் சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் படிப்பது அது. அந்தப் பங்களாவிலேயே அவரிடம் மூன்று பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாவது நாள் பெருமழை. கடைக்காரர்கூட அடுப்பை உள்ளே இழுத்துவிட்டார். அந்த மழையில் மனிதர் வரமாட்டார் என்று நான் மகிழ்ந்திருந்தபோது, குடை பின்புறமாக மடங்கிய நிலையில், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட அவர் வந்து கதவைத் தட்டினார். எனக்கு ஏற்பட்ட எரிச்சலை எழுத அந்த நாளுக்கான பக்கம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

சீசன் முடிந்தது. எல்லா முன்ஷிகளும் இறங்கினார்கள். டாக்டரம்மா செப்டம்பர் தேர்வுக்காக விடுப்பை நீட்டித்து மலையிலேயே தங்கினார். பழனிக்காரரும் தங்கிவிட்டார். வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தாலும் சிவப்புப் புள்ளிகள் நிற்கவில்லை. நான் தாண்டிக்குடிக்குப் போன நாட்களில் புள்ளி வைக்க மனைவியிடம் சொன்னேன். அவள் வைக்கவில்லை. திரும்பி வந்து காப்பிக் கடைக்காரரிடம் விசாரித்து நிரப்பினேன்.

ஆகஸ்டில் ஒரு பங்களா முதலாளியின் வரி சம்பந்தமான கடிதத்தை எடுத்துக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். பில் கலெக்டர் எங்கள் தெருக்காரர், ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருந்தவர், மூக்குப்பொடிக்காரர். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளினார்.

"வாங்க முன்ஷி. ஊரெல்லாம் வரி கட்டிச் சாகுது. ஒங்களுக்கு ஒரு பைசா கெடயாது. குடுத்து வச்சவுகய்யா நீங்க."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்? பாடம் சொல்லிக் குடுக்கறது யாவாரமா?"

"யாவாரம்னு யாரு சொன்னா? தொழிலு, கலை, யாவாரம், பொழப்பு, எதுவா இருந்தாலும் சரிதான். கடை இருக்கணும்னு சட்டத்துல இல்ல. போர்டு மாட்டணும்னும் இல்ல. அரை வருசத்துக்குள்ள மொத்தம் அறுவது நாளு நம்ம எல்லைக்குள்ள பண்ணியிருக்கணும். வருமானமும் அந்தப் படியில இருக்கணும். தொழில் வரி வந்துரும்."

"விட்டு விட்டுப் பண்ணினா?"

"கூட்டிக்கிருவோம்ல. ஏப்ரல் ஒண்ணுலருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஒரு அரை வருசம். ஒங்க சீசன் ஆளுக அம்பது, அம்பத்தஞ்சுல எறங்கிப் போயிருவாங்க. நீங்க பாதி நாளு தாண்டிக்குடியில கெடக்கீங்க, அது நம்ம எல்ல இல்ல. அதான் முன்ஷிமாருகள நாங்க கேக்கறதில்ல. சம்பளக்காரன்னா ஆபீசுலருந்து லிஸ்ட் வந்துரும். ஒங்கள மாதிரி குடையத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போற ஆளுக கணக்கு யாருகிட்ட இருக்கு?"

என்னிடம் இருந்தது.

அன்று பிற்பகல் வாசகசாலையில் அந்தச் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பூச்சி அரித்த பக்கங்களில் அந்தப் பிரிவைப் படித்தேன். பில் கலெக்டர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து சிவப்புப் புள்ளிகளைக் கூட்டினேன். பழனிக்காரர் அறுபதைத் தாண்டி நாலு வாரம் ஆகியிருந்தது. எத்தனையோ நாளாக எனக்கு இல்லாத பசி அன்று எடுத்தது. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் மொட்டைக் கடுதாசி எழுதினேன். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். மூன்று பிற்பகல்கள் ஆயின. இன்ன இடத்திலிருந்து வந்த இன்னார், தொழில் வரி கட்டாமல் எழுபத்து நாலு நாட்கள் ஊர் எல்லைக்குள் முன்ஷித் தொழில் செய்திருக்கிறார் என்று ஒரு பக்கம். எழுபத்து நாலு என்று சும்மா சொன்னால் யார் நம்புவார்கள் என்று தோன்றியது. அதனால் ஒரு பட்டியலை இணைத்தேன். வரிசை எண், தேதி, கிழமை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், குறிப்பு. குறிப்பு என்ற இடத்தில் மழை, பனி, வெயில் என்றும், நாட்குறிப்பின் ஓரத்தில் இருந்த மற்றதையும் எழுதினேன். அது தேவையா என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. தேதி எழுதினால் மழையும் எழுதுவது என் கையின் பழக்கம். இடது கைக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

அக்டோபரில் ஒரு மாலை பழனிக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டீஸ்.

"அண்ணே, வெரசா ஒரு வார்த்த சொல்லுங்க. தொழில் வரி கட்டச் சொல்லி வந்திருக்கு. படிச்சவரு நீங்கதான். என்ன பண்ணட்டும்?"

மனைவி உள்ளே பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டாள். நான் நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன் போல.

"பெரிய தொல்லைதான் தம்பி. பழனி ஆளுன்னு சொல்லிப் பாருங்களேன். இல்ல, வேலய விட்டுட்டுக் கொஞ்ச நாளு கீழ போயி இருந்துட்டு வாங்க."

"பழனிக்காரன்தானே, அது ஊருக்கே தெரியும். ஆனா சோறு திங்கிறது இங்கதானேண்ணே. எழுவத்து நாலு நாளாம். எனக்கே தெரியாது! கட்டிப்புடுறேன்."

கட்டிவிட்டார். அதோடு நிற்கவில்லை. ரசீதுக்குக் கண்ணாடி போட்டுத் தன் அறை வாசலில் ஆணி அடித்து மாட்டினார். அடிவாரக் கடையில் லைசென்சை மாட்டி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வாங்க வருகிறவன் முதலில் பார்க்கும் இடத்தில் தொங்கவேண்டும். ரசீதில் தொழில் என்ற இடத்தில் 'தமிழாசிரியர்' என்று எழுதி, மேலே முத்திரை குத்தியிருந்தது. நான் அந்தப் பக்கமாக நடந்து போனபோது பார்த்தேன். எட்டு ஆண்டுகளாக நான் இந்த மலையில் செய்துவந்த வேலைக்கு இந்த ஊர் கொடுத்த பெயர், அவர் வாசலில் அவர் பெயருக்கு எதிரே இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவன் நான். வெள்ளைக்காரர்கள் அதை அரசாங்கத்தார் கொடுத்த தகுதிச் சான்று என்றே நினைத்தார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை.

ஒருவனுக்கு வரி விதித்ததற்காகப் பொறாமைப்பட்ட மனிதனைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அந்த வாரம் முழுவதும் அப்படி ஒரு மனிதனோடு ஒரே வீட்டில் இருந்தேன்.

டாக்டரம்மா செப்டம்பர்த் தேர்வில் தேறிவிட்டார். மொழிப் பள்ளிக் குழுவிலும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1958 ஜனவரியில் குழு ஒரு முடிவெடுத்தது. ஆண்டு முழுவதும் மலையில் இருந்து மற்ற முன்ஷிகளை மேற்பார்வை செய்ய ஒரு தலைமை முன்ஷி வேண்டும். மாதச் சம்பளம் உண்டு. பள்ளி வளாகத்தில் கணப்போடு கூடிய இரண்டு அறை வீடும் உண்டு. விண்ணப்பத்தோடு இரண்டு தாள்கள் கேட்டார்கள். ஊருக்குள் இந்தத் தொழிலைச் செய்பவர் என்பதற்கு ஏதாவது ஓர் ஆதாரம், போன ஆண்டு பாடம் நடத்திய நாட்களின் விவரம்.

"கணப்பா?" என்றாள் மனைவி. அவ்வளவுதான் கேட்டாள். மார்கழியும் தையும் அந்த ஆண்டு அவளைப் படுத்தியிருந்தன. தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். நாள் விவரம் கேட்டால் என்னை யார் மிஞ்சமுடியும் என்று அவளிடம் சொன்னேன். ஆதாரத்துக்குத்தான் வழி தேடவேண்டும். எனக்குத் தெரிந்த ஆதாரம் ஒன்றுதான்.

பில் கலெக்டர் நான் சொன்னதைக் கேட்டு மூக்குப்பொடியை மேசையில் கொட்டிவிட்டார்.

"என்னது? வரி போடச் சொல்லிக் கேட்டா வந்திருக்கீங்க? ஏலே, இங்க வாங்கடா எல்லாரும்! என் சர்வீசுல இப்பிடி ஒரு ஆளப் பாத்ததில்லடா!"

இரண்டு குமாஸ்தாக்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பில் கலெக்டர் ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். போன ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஊர் எல்லைக்குள் தொழில் செய்த நாட்கள் எத்தனை என்று நாமே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீலப் புள்ளிகளை முந்தின நாளே கூட்டியிருந்தேன். ஐம்பத்தேழு. தாண்டிக்குடி நாட்கள் சேராது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளில் மட்டும் புள்ளி இல்லை. போயிருந்தால் சரியாக அறுபது. அந்த மூன்று நாளும் எனக்குப் பாடம் இருந்தது, போகவில்லை, அவ்வளவுதானே? ஐந்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அறுபது என்று எழுதினேன். நாட்குறிப்புக்கு மாறாக என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே எண் அது.

பில் கலெக்டர் படிவத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். அதிலிருந்து என் மொட்டைக் கடுதாசியை உருவி, ஜூன் மாதப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மொட்டக் கடுதாசி வந்தா நாங்க பாக்குறதே இல்ல முன்ஷி. ஆனா இது தலை நெறைய முடியோட வந்துச்சு. நாளும் கெழமையும் மழையுமா எழுதுற ஆளு இந்த மலையில ஒருத்தருதான்னு எனக்குத் தெரியும். அத விடுங்க. இத எழுதுன ஆளு இந்த மூணு நாளும் ஏழரைலருந்து அஞ்சேகால் வரைக்கும் காப்பிக் கடையவிட்டு நகரல, அந்த வாசலப் பாக்க வேற எடம் கெடயாது. உள்ள போனது, வெளிய வந்தது, நடுவுல சன்னல சாத்துனது வரைக்கும் எழுதியிருக்காரு. அந்த ஆளு நீங்க இல்லேன்னா அறுவதுன்னே இருக்கட்டும், வாங்கிக்கிறேன். நீங்கதான்னா அம்பத்தேழுதான் வருது."

வெளியே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. படிவத்தை என் பக்கம் இழுத்தேன். பிறகு அறுபதை அடித்து ஐம்பத்தேழு என்று எழுதினேன்.

"அம்பத்தேழுக்கு வரி கெடயாதுங்க" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

ஆதாரம் இல்லாமலே விண்ணப்பித்தேன். நாள் விவரம் என்னைக் காப்பாற்றும் என்று அப்போதும் நம்பினேன். பழனிக்காரர் தன் வாழ்நாளில் ஒரு தேதியைக்கூடக் குறித்து வைத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

குழுவின் முன்னால் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள், பிறகு என்னை. டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க முன்ஷி, ஒக்காருங்க. வெள்ளனே வந்துட்டீங்க போல" என்றார். அந்தச் சொல்லை நான் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. அவர் முன்னால் தட்டச்சு செய்த தாள்கள் இருந்தன. அவற்றை என் பக்கம் திருப்பினார்.

"இதப் பாருங்க. ஆபீசுல நகல் வாங்கிக் கொண்டாந்திருக்காரு. யாரோ இவரு மேல புகார் எழுதியிருக்காங்க. வரி கட்டலேன்னு. நாங்க இத விட நல்ல சான்று பாத்ததில்ல."

வரிசை எண், தேதி, கிழமை, நேரம், குறிப்பு. எழுபத்து நாலு வரிகள். கீழே முனிசிபல் முத்திரை. அவர் விரல் வைத்த இடத்தில் இப்படி இருந்தது: 'கனமழை. குடை பின்னுக்கு மடங்கிவிட்டது. ஆயினும் 7.38க்கு வந்து சேர்ந்தார். இன்றும் தாமதமில்லை.' அந்த 'ஆயினும்' என்னுடையது. எரிச்சலில் எழுதிய 'ஆயினும்'. தட்டச்சில் அது பாராட்டாக மாறியிருந்தது.

"ஒங்க கணக்கும் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஜூன்ல மூணு நாளு வெறுமையா இருக்கே?"

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். என் மாணவர்களுக்கு அப்படித்தானே சொல்லி அனுப்பினேன். அந்தத் தாள் கண் முன்னால் கிடக்கும்போது வாய் வரவில்லை.

"ஒரு சோலி இருந்தது" என்றேன்.

பிப்ரவரியில் பழனிக்காரர் தலைமை முன்ஷியாக அந்த வீட்டுக்குக் குடி போனார். பழனியிலிருந்து மனைவியை அழைத்து வந்தார். எங்கள் ஜன்னலிலிருந்து பள்ளி வளாகம் தெரியாது. ஆனால் கணப்பு மூட்டினால் புகை மரங்களுக்கு மேலே வரும், அது தெரியும். எத்தனை மணிக்கு வருகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. மூச்சு இழுக்க இழுக்கக் கேட்டாள்.

"அந்த மூணு நாளு ஒழுங்கா ஒங்க பாடத்துக்குப் போயிருந்தா?"

"அறுபது வந்திருக்கும்."

"கடுதாசி எழுதாம இருந்திருந்தா?"

"அவரிடம் ஒரு தாளும் இருந்திருக்காது."

"அப்ப அந்த வீட்ட நீங்கதான் அவருக்குக் கட்டிக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச்சில் அவர் என்னைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து, குடையைச் சுவரில் சாய்த்துவைத்தார். ஒட்டுப் போட்ட பழைய குடையேதான்.

"அண்ணே, நீங்கதான் எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியும். பில் கலெக்டர் சொல்லல. படிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு. மழையக்கூட விடலியே நீங்க."

நான் மைப்புட்டியை மூடி ஓரமாக வைத்தேன்.

"கோவந்தான் வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ரெண்டு நாளு ஒங்க தெருப்பக்கமே வரல. அப்பறம் பாத்தா, எங்கப்பா கூட என்னய இம்புட்டு நாளு பாத்துக்கிட்டு இருந்ததில்ல." சிரித்தார். "சரி, அது போகட்டும். இந்த சீசன்லருந்து எல்லா முன்ஷிமாருக்கும் நாள் பதிவு வேணும்னு குழுவுல கேக்கறாங்க. யாரு அறுவது தாண்டுறா, யாரு தாண்டலேன்னு ஆபீசுக்கும் எழுதி அனுப்பணும். எனக்கு அது வராது. ஒங்கள விட்டா வேற ஆளு கெடயாதுண்ணே."

மறுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பதிவேட்டைக் கையில் கொண்டுவந்திருந்தார். நல்ல கனமான தாள், சிவப்புக் கோடு போட்டது. வாங்கிக்கொண்டேன்.

1958 முதல் 1966 வரை அதை நான் எழுதினேன். முதல் ஆண்டு எனக்கு அறுபத்தொரு நாள் வந்தது. அக்டோபரில் நோட்டீஸ் வந்தது, போய்க் கட்டினேன். ரசீதில் எனக்கும் 'தமிழாசிரியர்' என்றே எழுதினார்கள். "கண்ணாடி போடலயா?" என்று கேட்டாள் மனைவி. அந்த ஆண்டு நாட்குறிப்புக்குள் மடித்து வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மார்கழியில் பழனிக்காரர் மனைவி ஆள் அனுப்பி என் மனைவியைக் கணப்பருகே வந்து இருக்கச் சொல்வாள். இவள் காலையில் போனால் மாலையில் முகம் சிவக்கத் திரும்பி வருவாள். அன்றைக்கு மட்டும் இருமல் குறைவாக இருக்கும். அதையும் குறித்திருக்கிறேன். நான் ஒரு முறைகூட அந்த வீட்டுக்குள் போனதில்லை. மூட்டிய விறகு என்ன விறகு என்று மட்டும் விசாரிப்பேன்.

ஒன்பது சீசனில் பழனிக்காரர் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று எழுத ஆசைப்படுகிறவர்கள் இருக்கலாம். பதிவேட்டை வைத்திருந்தவன் நான், அதனால் சொல்கிறேன். 1961 மே மாதத்தில் ஒரு நாள் வரவில்லை. பழனியில் அப்பாவுக்குத் திதி. அவருடைய வரிசையில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நான் நீலப் பேனாவை வைத்துவிட்டு, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, 'வரவில்லை' என்று நிதானமாக எழுதினேன். மழை இல்லை என்றும் எழுதினேன்.